கராஜுக்குள் வந்த பட்டறை: கனமான இயந்திரங்கள் நகரத் தொடங்கிய வரலாறு

முன்னுரை

லேத் எனப்படும் கடைசல் இயந்திரம், மேசை ரம்பம், பட்டை ரம்பம், துளையிடும் இயந்திரம், இழைப்பு இயந்திரம் ஆகியவை மரவேலை, உலோக வேலைப் பட்டறைகளின் அடிப்படை இயந்திரங்கள் ஆகும். 19 ஆம் நூற்றாண்டில் இவை பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கே உரியவையாக இருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் சாதாரணக் குடும்பங்களின் கராஜுக்குள் இவை வந்து சேர்ந்தன.

கராஜ் என்பது கார் நிறுத்தும் கொட்டகை. இரவில் கார் நிற்கும் இடத்தில்தான் பகலில் ரம்பம் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் ரம்பம் சுவரோரம் ஒதுங்கிக் காருக்கு வழிவிட வேண்டும். ஆகவே இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதோடு, அதை ஒருவர் தனியாக நகர்த்த முடியுமா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் கண்டறியப்பட்டன. அவற்றின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

இயந்திரங்கள் ஏன் கனமாக இருந்தன?

கனம் ஒரு குறை என்று நாம் நினைக்கிறோம். பட்டறைக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. வெட்டும் கருவி பொருளின் மீது படும்போது அதிர்வு உண்டாகிறது. இயந்திரம் இலேசாக இருந்தால் அந்த அதிர்வில் அதுவும் சேர்ந்து ஆடும். வெட்டிய பரப்பில் அலை அலையாகக் கோடுகள் விழும். வார்ப்பிரும்பு கனமானது மட்டுமன்று, அதிர்வைத் தனக்குள் வாங்கி அடக்கும் இயல்பும் உடையது. இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லி 1800 ஆம் ஆண்டையொட்டி முழுவதும் உலோகத்தால் ஆன திருகு வெட்டும் லேத்தை அமைத்ததிலிருந்து, உறுதியான உலோகப் படுகையே துல்லியத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது.

இயந்திரங்கள் இடம் பெயராமல் இருந்ததற்கு இரண்டாவது காரணமும் உண்டு. அந்நாளில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. தொழிற்சாலையின் ஒரு மூலையில் நீராவி எந்திரமோ நீர்ச்சக்கரமோ ஓடும். அது கூரையின் கீழ் நீளமாகச் செல்லும் ஒரு சுழல்தண்டைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். கப்பியும் பெல்ட்டும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் கழன்றுவிடும். எனவே இயந்திரத்தைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியே ஆக வேண்டும். இயந்திரத்தின் எடை பாதித் தடை என்றால், மேலிருந்து தொங்கிய பெல்ட் மீதித் தடையாக இருந்தது எனலாம்.

காலால் மிதித்து ஓட்டிய இயந்திரங்கள்

பெல்ட்டிலிருந்து விடுபடுவதற்கான முதல் வழி மனிதக் கால். நம் ஊர்த் தெருக்களில் மிதிச் சக்கரத்தைத் தோளில் சுமந்து வந்து கத்தி, அரிவாள் தீட்டித் தரும் சாணை பிடிப்பவரைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ராக்ஃபோர்டு நகரில் டபிள்யூ. எஃப். அண்டு ஜான் பார்ன்ஸ் நிறுவனம் 1870களிலிருந்து காலால் இயங்கும் ரம்பங்களையும் லேத்துகளையும் செய்து விற்றது. தையல் இயந்திரம் போல் மிதிப்பவையும் உண்டு. இருக்கையில் அமர்ந்து சைக்கிள் போல் மிதிப்பவையும் உண்டு. நீராவி எந்திரம் வாங்க வசதியில்லாத சிறு தச்சர்களும் வீட்டில் பொழுதுபோக்காக வேலை செய்தோரும் இவற்றை வாங்கினர். கால் ஓயும் வரைதான் ரம்பம் ஓடும் என்றாலும், தொழிற்சாலைக்கு வெளியே இயந்திரம் ஓட முடியும் என்பதை இவை காட்டின.

மோட்டார் கருவிக்குள் புகுந்தது

மின்மோட்டார் வந்த பிறகு நிலைமை அடியோடு மாறியது. முதலில் பெரிய மோட்டார் ஒன்றே பழைய சுழல்தண்டைச் சுற்றப் பயன்பட்டது. பின்னர் இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற முறை வந்தது. கூரையிலிருந்து தொங்கிய பெல்ட் மறைந்தது. அதன் இடத்தை ஒரு மின்கம்பி பிடித்தது. மின்கம்பி வளையும், நீளும். ஆகவே இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டிய கட்டாயம் நீங்கியது.

அடுத்த கட்டமாக, மோட்டாரைக் கருவிக்குள்ளேயே அடக்கினர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் ஆகியோர் 1889 இல் மின்சாரத் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இயங்கிய ஃபைன் நிறுவனம் 1895 இல் கையால் தூக்கிப் பயன்படுத்தும் மின்துளைப்பானை உருவாக்கியது. அதன் எடை சுமார் 7.5 கிலோ. நெஞ்சால் அழுத்தி, இரு கைகளாலும் பிடித்துத்தான் துளையிட வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரு நண்பர்கள் 1910 இல் ஒரு சிறு இயந்திரப் பட்டறையைத் தொடங்கினர். கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட மின்துளைப்பானுக்கு 1917 இல் அவர்கள் காப்புரிமை பெற்றனர். இன்று நம் தெருவில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் கையில் உள்ள டிரில்லிங் மெஷினும் இதே வடிவில்தான் இருக்கிறது.

ரம்பத்தின் கதையும் இதைப் போன்றதே. எட்மண்ட் மிஷெல் என்பவர் லூயிசியானாவில் கரும்பு வெட்டுவோர் கத்தியால் ஓங்கி வெட்டிச் சிரமப்படுவதைக் கண்டு, கத்தியுடன் மோட்டாரைப் பொருத்த முயன்றார். அந்த முயற்சி கையடக்க வட்ட ரம்பமாக மாறியது. 1924 இல் ஜோசப் சல்லிவனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஸ்கில் என்ற பெயரால் அறியப்பட்டது.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். அதுவரை மரத்தை இயந்திரத்திடம் தூக்கிச் சென்றார்கள். இப்போது இயந்திரத்தை மரத்திடம் கொண்டு சென்றார்கள்.

போருக்குப் பின் வீடும் கராஜும்

வீட்டுப் பட்டறைக்கென்றே இயந்திரம் செய்யலாம் என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இருந்தது. ஹெர்பர்ட் டவுட்ஸ் என்பவர் 1919 இல் மில்வாக்கி நகரில் தம் கராஜிலேயே தொடங்கிய டெல்டா நிறுவனம், சிறு ரம்பங்களையும் லேத்துகளையும் வீட்டில் கைவேலை செய்வோருக்கு விற்றது. ஆனால் இந்தச் சந்தை பெருகியது போருக்குப் பிறகுதான்.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக்கடன் கிடைக்க அமெரிக்க அரசு 1944 இல் சட்டம் இயற்றியது. நகரங்களின் வெளிப்புறத்தில் லட்சக்கணக்கான சிறு வீடுகள் எழுந்தன. போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பலருக்கு இயந்திரம் இயக்கும் பழக்கமும் இருந்தது. அலமாரி, கட்டில், வேலி ஆகியவற்றைக் கூலி கொடுத்துச் செய்விக்காமல் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் பரவியது. பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1946 இல் வீட்டுப் பயனாளர்களுக்கென 17 டாலருக்கும் குறைவான விலையில் கால் அங்குல மின்துளைப்பானை விற்கத் தொடங்கியது. 1954 ஆகஸ்டில் டைம் இதழ் இந்தத் 'தாமே செய்துகொள்ளும்' பழக்கத்தைத் தன் அட்டைப்பட விஷயமாக்கியது.

ஆனால் துளைப்பான் ஒன்றால் மட்டும் அலமாரி செய்ய முடியாது. நேராக அறுக்க மேசை ரம்பம் வேண்டும். கால்களை உருட்டிக் கடைய லேத் வேண்டும். தொழிற்கூடங்களுக்கான நல்ல மேசை ரம்பம் ஒன்றின் எடை சுமார் 200 கிலோ. கார் நிற்கும் இடத்தில் இப்படி நான்கு இயந்திரங்களை எங்கே வைப்பது?

ஒன்றில் ஐந்து

இதற்கு ஒரு விடை தந்தவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவர், போர் முடிந்ததும் கலிபோர்னியாவில் ஷாப்ஸ்மித் என்ற பல்வேலை இயந்திரத்தை வடிவமைத்தார். 1940களின் இறுதியில் அது கடைகளில் விற்பனைக்கு வந்தது.

அதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. மேசை ரம்பம், லேத், துளையிடும் இயந்திரம், கிடைத்துளை இயந்திரம், தேய்ப்புத் தட்டு ஆகிய ஐந்துக்கும் பொதுவானது என்ன? சுழலும் ஒரு தண்டும், அதைச் சுற்றும் ஒரு மோட்டாரும்தான். அப்படியானால் மோட்டார் ஒன்று போதும். இணையாக ஓடும் இரு உலோகக் குழாய்களின் மேல் மோட்டார்த் தலை நகரும்படி அவர் அமைத்தார். தண்டில் ரம்பத் தகட்டை மாட்டினால் மேசை ரம்பம். மரக்கட்டையைப் பிடித்தால் லேத். குழாய்களை நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்தினால் துளையிடும் இயந்திரம். ஐந்து இயந்திரங்கள் கேட்ட இடத்தைச் சுவரோரம் ஒரு நீண்ட பெஞ்சு அளவுக்குள் அவர் அடக்கினார். தொடர்ந்து வந்த மார்க் 5 என்ற வடிவத்தில் வேகத்தை மாற்றும் அமைப்பு உள்ளேயே பொருத்தப்பட்டது. அதன் அடியில் தேவைப்படும்போது இறக்கி, பிறகு உயர்த்திக்கொள்ளும் சக்கரங்களைப் பொருத்தும் வசதியும் வந்தது.

1960களில் இதன் உற்பத்தி நின்றது. ஜான் ஃபோல்கெர்த் என்பவர் 1972 இல் உரிமையை வாங்கி, ஓஹையோவின் டேட்டன் நகரில் அதற்கு மறுவாழ்வு அளித்தார்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. ரம்பத்திலிருந்து லேத்துக்கு மாற ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் முதலில் அறுத்து முடித்து, பிறகு எல்லாவற்றையும் துளையிடுவது என்று முன்கூட்டியே திட்டமிட்டால்தான் நேரம் மிச்சமாகும். மறந்துபோன ஒரு துண்டை அறுக்க மீண்டும் முழு இயந்திரத்தையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் உலோக வேலைக்கும் இதே கருத்து பயன்பட்டது. ஆஸ்திரியாவின் ஹாலைன் நகரில் 1950களில் உருவான யூனிமேட் என்ற சிறு லேத், மேசைமேல் வைக்கும் அளவே இருந்தது. துணைக்கருவிகளை மாட்டி அதைத் துளையிடும் இயந்திரமாகவும் சிறு ரம்பமாகவும் மாற்றலாம்.

மடங்கும் மேசை

தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ரான் ஹிக்மன், லோட்டஸ் நிறுவனத்தின் எலான் என்ற கார் உருவாவதில் முக்கியப் பங்காற்றிய வடிவமைப்பாளர். 1961 இல் அவர் தம் வீட்டில் அலமாரி செய்துகொண்டிருந்தார். வேலை மேசை இல்லாததால் விலையுயர்ந்த நாற்காலி ஒன்றின் மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது.

வேலை மேசை என்பது கனமாக, அசையாமல் இருக்க வேண்டும் என்பது அதுவரை மாறாத விதி. ஹிக்மன் வேறு வழி கண்டார். மடித்து வைக்கக்கூடிய உலோகக் கால்கள். மேலே இரண்டு மரச் சட்டங்கள். சட்டங்களில் ஒன்றைக் கைப்பிடியால் திருகி நகர்த்தினால் மேற்பரப்பு முழுவதுமே ஒரு நீண்ட வைஸ் ஆகிவிடும். எடை இல்லாத குறைக்கு, வேலை செய்பவரே கீழேயுள்ள படியில் ஒரு காலை ஊன்றிக்கொள்ளலாம். மேசைக்கு வேண்டிய எடையை மனித உடலே தந்தது.

இந்த வடிவத்தை அவர் பல நிறுவனங்களிடம் காட்டினார். எல்லாரும் மறுத்தனர். நூற்றுக்கணக்கில்கூட அன்று, டஜன் கணக்கில்தான் விற்கும் என்றுகூடச் சொல்லப்பட்டது. பின்னாளில் இதைத் தயாரித்துப் புகழ்பெற்ற பிளாக் அண்டு டெக்கரும் முதலில் மறுத்த நிறுவனங்களுள் ஒன்று. ஹிக்மன் மனம் தளரவில்லை. 1968 முதல் தாமே தயாரித்து விற்றார். அது விற்பதைக் கண்ட பிறகு, 1972 இல் பிளாக் அண்டு டெக்கர் 'ஒர்க்மேட்' என்ற பெயரில் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. 2011 இல் ஹிக்மன் மறைந்தபோது, உலகெங்கும் சுமார் 3 கோடி ஒர்க்மேட்டுகள் விற்றிருந்ததாகச் செய்திகள் குறிப்பிட்டன. கராஜ் இல்லாத சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கும் வேலை மேசை கிடைத்தது இதனால்தான்.

கனத்தைக் குறைக்காமல் நகர்த்துதல்

கனமே நன்மை என்று நம்பியவர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தனர். இயந்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அடியில் சக்கரம் வைத்தனர். வீட்டுப் பட்டறைகளில் பலர் தாமே செய்துகொண்ட இந்த நகரும் அடித்தளம், பின்னர் கடைகளிலும் ஆயத்தமாகக் கிடைத்தது.

இதன் அமைப்பு பின்வருமாறு. எல் வடிவ இரும்புப் பட்டங்களால் இயந்திரத்தின் அடிப்பகுதிக்கு ஒரு சட்டகம் செய்யப்படும். ஒரு முனையில் திரும்பாத இரு சக்கரங்கள் இருக்கும். மறுமுனையில் எல்லாப் பக்கமும் திரும்பும் காஸ்டர் சக்கரம் இருக்கும். காலால் ஒரு நெம்புகோலை மிதித்தால் அந்த முனை சற்றே உயர்ந்து சக்கரத்தின் மேல் நிற்கும். விடுவித்தால் இயந்திரம் மீண்டும் தன் கால்களில் இறங்கி அமரும். பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த நெம்புகோல் தத்துவம்தான். 200 கிலோ எடையை ஒருவர் ஒற்றைக் காலால் உயர்த்திவிடுகிறார்.

இதில் அனுபவத்தால் கற்ற சில விதிகள் உள்ளன. நான்கு சக்கரம் என்றால் எடையை நான்கால் வகுக்கக் கூடாது. தரை எங்கும் ஒரே மட்டமாக இராது; எந்த நேரத்திலும் ஒரு சக்கரம் தரையில் படாமல் போகலாம். ஆகவே மூன்றால் வகுக்க வேண்டும். 240 கிலோ இயந்திரத்துக்கு ஒவ்வொரு சக்கரமும் 60 கிலோ அன்று, 80 கிலோ தாங்க வேண்டும். கராஜின் தரை பெரும்பாலும் தண்ணீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். பூட்டாத சக்கரத்தின் மேல் நிற்கும் இயந்திரம் வேலை நடுவே மெல்ல நகரத் தொடங்கும். சிறிய சக்கரம் தரை வெடிப்பில் சிக்கும். பெரிய சக்கரம் அதைத் தாண்டும்.

பட்டை ரம்பம், உயரமான துளையிடும் இயந்திரம் ஆகியவற்றின் எடை மேல்பகுதியில் இருக்கிறது. அவற்றை மேலே பிடித்துத் தள்ளினால், வெடிப்பில் சக்கரம் சிக்கியதும் இயந்திரம் முழுவதும் கவிழும். எனவே இவற்றுக்குச் சட்டகத்தை அகலமாகச் செய்து, தாழ்வாகப் பிடித்தே தள்ள வேண்டும்.

சக்கரத்தின் மேல் ஏற்ற முடியாத இயந்திரமும் ஒன்று உண்டு. உலோகம் கடையும் லேத்தின் படுகை மிகச் சரியான மட்டத்தில் அமைய வேண்டும். ஒரு கால் சிறிதளவு உயர்ந்தாலும் படுகை முறுக்கிக்கொள்ளும். உருளையாகக் கடைய வேண்டிய தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் வரும். லேத்தை நகர்த்தினால் மட்டம் பார்க்கும் வேலையையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அதனால் கராஜ் பட்டறைகளில் மற்ற இயந்திரங்கள் நகரும், லேத் மட்டும் நிலையாக நிற்கும்.

இலேசாக்கியதன் விலை

1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் இன்னொரு மாற்றத்தைக் கொண்டு வந்தன. பலகையை ஒரே தடிப்பில் சீவும் இழைப்பு இயந்திரம் அதுவரை தொழிற்கூடத்துக்கே உரியது. ரியோபி நிறுவனம் அதை ஒருவர் தூக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கியது. மக்கிட்டா முதலிய நிறுவனங்களும் தூக்கிச் செல்லும் இழைப்பு இயந்திரங்களையும் மேசை ரம்பங்களையும் விற்றன.

இதை இயலச் செய்தது மோட்டாரின் வகை. பெரிய இயந்திரங்களில் இருப்பது தூண்டல் மோட்டார். கனமானது, ஆனால் அமைதியாக நீண்ட நேரம் ஓடும். தூக்கிச் செல்லும் கருவிகளில் இருப்பது கரித்துண்டு தொட்டு ஓடும் யுனிவர்சல் மோட்டார். மிக வேகமாகச் சுழல்வதால் சிறிய உருவிலேயே மிகுந்த ஆற்றலைத் தரும். ஆனால் காதைப் பிளக்கும் ஓசை எழுப்பும், விரைவில் சூடேறும், கரித்துண்டும் தேயும். வீட்டு மிக்சியையும் கிரைண்டரையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு காதாலேயே தெரியும். வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினியம் வந்ததும் இதே காலத்தில் பரவலானது. எடை குறைந்தது, அதிர்வு கூடியது.

பாதுகாப்பு

இயந்திரம் வீட்டுக்குள் வந்தபோது தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கூடவே வரவில்லை. தனியாக வேலை செய்பவருக்கு அடிபட்டால் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்த அருகில் யாரும் இல்லை.

சுவரோரம் வைத்து நீண்ட மரங்களை அறுக்க உதவும் ஆர ரம்பம் இதற்கு எடுத்துக்காட்டு. 1922 இல் ரேமண்ட் டிவால்ட் கண்டுபிடித்த இதில், மரம் அசையாமல் இருக்க, தகடு மேலிருந்து நகர்ந்து வந்து வெட்டும். இடம் குறைந்த கராஜுக்கு ஏற்றதாக இருந்ததால் லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் தகட்டுக்குப் போதிய மூடி இல்லாத பழைய வடிவங்களால் விரல்களையும் கைகளையும் இழந்தவர்கள் உண்டு. 2000 நவம்பரில் எமர்சன் நிறுவனம், கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்ற இவ்வகை ரம்பங்களில் சுமார் 37 லட்சத்தைத் திரும்ப அழைத்து, பாதுகாப்பு மூடி வழங்க முன்வந்தது. 300க்கும் மேற்பட்ட காயங்கள் அப்போது பதிவாகியிருந்தன.

நகரும் இயந்திரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. மரத்தைத் தள்ளும்போது ரம்பமும் சேர்ந்து நகர்ந்தால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எனவே சக்கரத்தைப் பூட்டி, ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகே விசையைப் போட வேண்டும் என்பது இத்துறையில் முதலில் கற்பிக்கப்பட வேண்டிய பாடம். நகர்த்தும் முன் மின்செருகியைப் பிடுங்குவது இரண்டாவது பாடம்.

முடிவுரை

கனமான இயந்திரத்தைச் சிறிய இடத்துக்குள் கொண்டுவர நான்கு வழிகள் கண்டறியப்பட்டன: மோட்டாரைக் கருவிக்குள் அடக்கி இலேசாக்குவது, ஒரே இயந்திரத்தைப் பல வேலைக்குப் பயன்படுத்துவது, மடித்து வைப்பது, அடியில் சக்கரம் வைப்பது. இவற்றுள் எதுவும் மற்றதை ஒழிக்கவில்லை. இன்றைய வீட்டுப் பட்டறை ஒன்றில் நான்கையும் சேர்த்தே காணலாம். நெடுங்காலம் முதலாளியின் கூரைக்குக் கீழே மட்டும் ஓடிய இயந்திரங்களை, ஒரு தொழிலாளியோ ஓய்வு பெற்ற ஒருவரோ தம் சொந்த இடத்தில் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது இந்த நான்கு வழிகளாலும்தான். புதிதாக வீட்டில் பட்டறை அமைக்க நினைப்பவர்கள், இயந்திரத்தின் விலையை விசாரிக்கும் முன் அது நிற்கப்போகும் தரையின் சரிவையும், அது நகரப்போகும் வழியின் அகலத்தையும் அளந்துகொள்வது நல்லது.